ஆடி கழியட்டும் என்றேன்

ஜூன் 12

நான் வேலை பார்த்த கூட்டுறவு வங்கியில் இந்த வருஷமும் டைரி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விருப்ப ஓய்வு வாங்கி வந்து இரண்டு வருஷம் ஆகியும் இந்தச் செண்பகத்தை மறக்கவில்லை. பால்காரர் வராத நாளைக் குறிக்கக்கூட நான் அதைத் தொட்டதில்லை. இன்று எடுத்திருக்கிறேன். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டால் விரல்கள் எழுதுகின்றன. வலது கையைத் தோளோடு தூக்கத்தான் முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆனது. என் வீட்டுக்காரரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் இருந்து எழுப்பினேன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், ஓங்குதாங்கான ஆள். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும். அவரைத் தூக்குவதற்கு நானாகக் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. குனிந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, அவர் தாடையை என் தோளில் சாய்த்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிவிடுவேன். அன்றைக்குத் தரையில் சோப்புத் தண்ணீர். அவர் கால் வழுக்க, மொத்தப் பாரமும் என் வலது கையில் இறங்கியது. தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஆனால் அவரை விடவில்லை. அவரை உட்கார வைத்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுத் தங்கபாய் கேட்டதற்கு, பாத்ரூமில் நான் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். இவரைத் தூக்கியதில் ஆனது என்று சொன்னால் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள்.

ஜூன் 13

ஒரு கையால் ஜாக்கெட் போட முடியாது. நைட்டிதான்.

ஜூன் 17

திருநெல்வேலி போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் ஆசீர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இவரைத் தங்கபாய் பார்த்துக்கொண்டாள். போகும்போது, “கட்டிலிலேயே இருக்கட்டும், எதற்கும் எழுப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

படத்தை விளக்கொளியில் மாட்டி டாக்டர் காண்பித்தார். எனக்கு மழை மேகம் மாதிரிதான் தெரிந்தது.

“பாதிக் கிழிசல்னா பயிற்சியிலயே சமாளிச்சிரலாம்மா. இது தசைநார் முழுசா அறுந்து, எலும்புல இருந்தே பிஞ்சு வந்திருக்கு. எப்படி ஆச்சு?”

“வழுக்கி விழுந்துட்டேன் சார்.”

“விழுந்தா கைய ஊன்றிருப்பீங்க, மணிக்கட்டுல ஒரு சிராய்ப்புகூட இல்லையே” என்றார். நான் ஸ்கேன் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் மேலே கேட்கவில்லை.

ஊசி போட்டு வலியைக் குறைத்து, பயிற்சி செய்து, இருக்கிற கையை வைத்து ஓட்டலாமாம். தலை வாருவது, மேல் தட்டில் இருந்து டப்பா எடுப்பது எல்லாம் கஷ்டம்தானாம். இல்லாவிட்டால் சின்னத் துளைகள் போட்டு, அறுந்த நாரை இழுத்து எலும்போடு தைப்பது. ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டுகிற தொட்டிலில் கிடக்க வேண்டும். கனமான எதையும் ஆறு மாசம் தூக்கக் கூடாது.

“தைக்கிறதுதான் நல்லது. ஆனா சீக்கிரம் செய்யணும். தள்ளிப் போட்டா நார் சுருங்கி உள்ள போயிரும். அப்புறம் இழுத்தாலும் எட்டாது.”

எனக்கு ஆறு மாசம் என்றதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. ஆறு மாசம் இவரை யார் தூக்குவது? வருகிற பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடையநல்லூர்க்காரியை வேலைக்கு வைத்த கதை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே வாரத்தில் இவர் முதுகில் புண்.

ஜூன் 21

விளாத்திகுளம் பக்கம் ஒரு எண்ணெய் வைத்தியர் இருக்கிறார், பிசகு எல்லாவற்றையும் ஒரே சுண்டில் எடுத்துவிடுவார் என்று தங்கபாய் சொன்னாள். அறுந்தது பிசகு ஆகாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். ஆனால் அவர் வெட்ட வேண்டாம், ஓய்வும் வேண்டாம், ஒரு வாரத்தில் குடம் தூக்கலாம் என்கிறாராம். அந்தக் கடைசி வார்த்தைக்காகப் போனேன்.

சூடான எண்ணெயைத் தடவி, நன்றாகத்தான் உருவினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே ஒரு சுண்டு சுண்டினார். நான் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

ஜூன் 22

வலி. பாதி நாள் எழுத முடியவில்லை. இன்றும் தூக்கினேன், இடது கையாலும் இடுப்பாலும்.

ஜூன் 25

இவருடைய தங்கை ஜெயக்கொடி சாத்தூரில் இருந்து வந்து இறங்கினாள். நான் கூப்பிடவில்லை. தங்கபாய்தான் போன் போட்டிருக்கிறாள். ஜெயக்கொடி அங்கன்வாடியில் டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் உள்ளே வந்துவிடும்.

“ஏன் மதினி, கை போயி இத்தன நாளாச்சு, ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?”

சொல்ல என்ன இருக்கிறது என்றேன்.

நல்லவள்தான். வந்ததும் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். ரெண்டு வாரமாகக் கொண்டைகூடப் போட முடியாமல் அலைந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாவு ஆட்டினாள், சிலிண்டர் மாற்றினாள், ஜன்னல் எல்லாம் துடைத்தாள். பரணில் வெங்காயச் சாக்குக்குப் பின்னால் கிடந்த நாலு கால் ஸ்டிக்கை எடுத்து, கழுவி, வெயிலில் காய வைத்தாள்.

“இத ஏன் மதினி மேல போட்டு வச்சிருக்கீக?”

போன வருஷம் ஒரு பிசியோ பையன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஸ்டிக்கைப் பிடித்து நிற்கப் பழக்குகிறேன் என்று இவரைக் கீழே போட்டுவிட்டான். நெற்றி கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிவிட்டது. அன்றோடு அவனை வர வேண்டாம் என்று சொன்னேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இதை ஜெயக்கொடியிடமும் சொன்னேன். அவள் ஸ்டிக்கின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 30

மனசு ஆறவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஜெயக்கொடி கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காபி டம்ளர் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது.

“எந்திரிண்ணே. காபி ஆறுது பாரு. நான் கொண்டாந்து தரமாட்டேன்.”

அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். இவர் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு திணறுகிறார். வேர்வை ஊற்றுகிறது. முட்டி நடுங்குகிறது. நான் பையைப் போட்டுவிட்டு ஓடிப் போய் இடது கையைக் கக்கத்தில் கொடுத்து உட்கார வைத்தேன். காபியை வாயில் புகட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம். அவளிடம்தான் கோபம் என்று நினைக்கிறேன்.

“கெடுத்தீகளே மதினி, எந்திரிச்சிருப்பாக” என்றாள்.

விழுந்திருந்தால்? அதை யாரும் கேட்பதில்லை. மகளிர் தினத்துக்கு எங்கள் தெருச் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாருக்கும் தெரியும், நான் இவரை எப்படி வைத்திருக்கிறேன் என்று. “புள்ள இல்லாத வீட்டுல அவருதான் ஒனக்குப் புள்ள” என்று தங்கபாய் மைக்கில் சொன்னாள். கூட்டம் முழுக்கக் கண்ணைத் துடைத்தது. பொன்னாடையை மடித்து இவர் மடியில் வைத்திருந்தேன். இவர் அதைக் கீழே தள்ளிவிட்டார், கை பிசகி.

ஜூலை 4

டாக்டர் சொன்னபடி பிசியோவுக்குப் போகிறேன். நஸ்ரின் என்று ஒரு பெண். சின்ன வயசுதான், ஆனால் நல்ல கண்டிப்பு. குனிந்து நின்று கையைத் தொங்க விட்டு, ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொல்கிறாள்.

“தூக்காதீங்கம்மா. தொங்க விடுங்க. கை தானா ஆடணும்.”

எனக்கு அது வரவில்லை. விட்டால் என்னமோ கழன்று விழுந்துவிடும் போல் இருக்கிறது.

“வீட்டுல கனமா ஏதாவது தூக்குறீங்களா?”

“இல்ல” என்றேன்.

ஜூலை 9

ஆபரேஷனுக்கு ஜூலை 21 என்று டாக்டர் நாள் கொடுத்தார். அன்றைக்கு ஆடி பிறந்திருக்கும். ஆடியில் நல்லது எதையும் தொடங்க மாட்டோம், ஆடி கழியட்டும் என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஆடி முடியிற வரைக்கும் ஒங்க நார் காத்திருக்காதும்மா. ஏற்கெனவே கொஞ்சம் உள்ள போயிருக்கும்” என்றார்.

நான் பிடிவாதமாக இருந்தேன். வெளியே வந்ததும் ஜெயக்கொடி கேட்டாள்: “அண்ணனுக்கு வீடு கட்டுனப்ப ஆடியிலதான மதினி தளம் போட்டீக? சிமெண்டு வெல ஏறிரும்னு.”

இவளுக்கு எதுதான் ஞாபகம் இல்லை.

ஜூலை 18

ஜெயக்கொடி இன்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். மூன்று மாசம் அண்ணனைச் சாத்தூருக்கு அனுப்புங்கள், நானும் என் மருமகளும் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கையைப் பாருங்கள் என்றாள்.

“அவருக்கு எங் கையத் தவிர வேற கை ஒத்துக்காது.”

“அண்ணங்கிட்ட கேட்டீகளா?”

“கேக்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்.”

“கேட்டுப் பாப்பமா, இப்பவே?”

கேட்க வேண்டாம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உங்கள் அண்ணனை இரண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளிப் பார்த்தவள் நான், மூன்று வாரம் வந்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். அவள் பையை எடுத்து வைத்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போகும்போது எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் போனாள்.

வீடு அமைதியாக இருக்கிறது. இதுதான் எனக்குப் பழக்கம்.

ஜூலை 19

காலை, மதியம், சாயங்காலம் தூக்கியாயிற்று. முடிகிறது.

ஜூலை 26

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன்.

நேற்று மத்தியானம் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இடது கை தனியாகத் தாங்கவில்லை. வலது கை தானாகவே உதவிக்குப் போனது. தோளில் வெட்டியது போல் வலி. கண் இருட்டிவிட்டது. இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். அவர் மேலே, நான் கீழே. ஊன்றி எழ எனக்குக் கை இல்லை.

கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இருங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்தான் என் மேலிருந்து புரண்டார். கட்டில் காலைப் பிடித்து இழுத்து இழுத்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பிறகு மெத்தையில் முழங்கையைப் போட்டு, ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்து எழுந்து நின்றார். நின்று, தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“தங்க… பாய். வா. வா.”

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் தரையில் கிடந்து அவர் காலைப் பார்த்தேன். இரண்டு காலும் தரையில் பாவியிருந்தன. வலது கால் கொஞ்சம் வளைந்திருந்தது, ஆனால் நின்றது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஜூலை 28

தங்கபாய் வீட்டுக்காரர் காரில் எங்கள் இருவரையும் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார். இவரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். இவர் ஸ்டிக்கைத் தரையில் தட்டினார், வருவேன் என்று.

டாக்டர் என் தோளை அசைத்துப் பார்த்தார். “மறுபடி என்னம்மா பண்ணுனீங்க?”

“வழுக்கிட்டேன்.”

“இல்ல.” இவர்தான் சொன்னார். நாற்காலியில் முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வெளியே போட்டார். “என்னைய. தூக்கி. அப்பவும். இப்பவும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, இவர் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷமாக எந்த டாக்டரும் இவரிடம் நேராகக் கேட்டதில்லை. எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள், நான்தான் பதில் சொல்வேன்.

“சார், நீங்களா எந்திரிச்சு நிக்க முடியுமா?”

நான், “அவரால…” என்று ஆரம்பித்தேன். டாக்டர் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நிப்பேன்” என்றார் இவர். வாயைத் துடைத்துக்கொண்டார். “இவ. விடமாட்டா.”

தங்கபாய் வீட்டுக்காரர் அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் இவரை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாதே. அப்போதும் அதைத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 8 என்று நாள் குறித்தார். நடு ஆடி. சரி என்றேன்.

ஆகஸ்ட் 1

அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறேன். அவராகச் சாப்பிடுகிறார், இடது கையால். பாதி கீழே சிந்துகிறது. துடைக்கிறேன்.

இரண்டு வருஷம். என் வேலை, என் தூக்கம், என் இடுப்பு, இப்போது என் தோள். ஊர் முழுக்கச் சொல்கிற ஒன்றை இந்த மனுஷன் ஒரு டாக்டர் முன்னால் இரண்டு சொல்லில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக இருக்கிறது. இப்படி இவர் மேல் நான் ஆத்திரப்பட்டதே இல்லை. நோயாளியிடம் யார் ஆத்திரப்படுவார்கள்?

ஆகஸ்ட் 5

ஜெயக்கொடி மகனோடு காரில் வந்தாள். பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவருடைய மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று பிரித்துக் கொடுத்தேன். இரவில் இடது பக்கம் தலையணை வேண்டும், ரசம் காரம் ஆகாது, சளி பிடித்தால் மூச்சு இரையும் என்று சொல்லிக்கொண்டே போனேன். “சரி மதினி, சரி மதினி” என்றாள்.

ஸ்டிக்கைப் பிடித்து, அவள் மகன் பின்னால் சும்மா நிற்க, இவராகவே காரில் ஏறினார். தலை மேலே இடித்தது. நான் வாசல்படியில் நின்றேன். கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: “கை. பாரு.”

அவர் போன பிறகு படுக்கையை உதறி விரித்தேன். விரித்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவருக்குப் பால் காய்ச்சி ஆற்றிவிட்டேன். அப்புறம் நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 10

இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

ஆபரேஷன் முடிந்தது. ஜெயக்கொடி கூட இருக்கிறாள். டாக்டர் வந்து சொன்னார். நார் சுருங்கி ரொம்ப உள்ளே போயிருந்ததாம். இழுத்த வரைக்கும் இழுத்துப் பாதியைத் தைத்திருக்கிறார். முதல் மாசமே வந்திருந்தால் முழுசும் எட்டியிருக்கும். கை தோள் உயரம் வரைக்கும் வரும், அதற்கு மேல் சந்தேகம்.

“எழுதலாம், சமைக்கலாம். ஆனா ஆளத் தூக்குறது இனிமே கிடையாதும்மா. ஆறு மாசத்துக்கு இல்ல, எப்பவுமே.”

அவர் போன பிறகு அழுதேன். அடக்க முடியவில்லை. கைக்காக அழுகிறேன் என்று நினைத்து, “ஒரு கை ஒசராட்டி என்ன மதினி, தல பின்ன நான் இருக்கேன்” என்று ஜெயக்கொடி தடவிக் கொடுத்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 29

தங்கபாய் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். தெருவில் யாரும் முன்னே மாதிரி நின்று பேசுவதில்லை. தங்கபாய் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

நஸ்ரின் வீட்டுக்கே வருகிறாள். என் கையை அவள் தாங்கித் தூக்குவாள், நான் துளியும் முயற்சி செய்யக் கூடாது. இன்றும் தோற்றேன். “நீங்க உதவி பண்றீங்கம்மா. உதவி பண்ணாதீங்க” என்கிறாள்.

செப்டம்பர் 11

ஜெயக்கொடி போனில் காட்டினாள். அவள் வீட்டு முற்றத்தில் இவர் நடக்கிறார். பின்னால் யாரும் இல்லை. முகம் கறுத்திருக்கிறது, வெயிலில் நடப்பதால். மெலிந்தும் இருக்கிறார். “ஏன் மெலிஞ்சிட்டாக?” என்று கேட்டேன். நான் முதலில் கேட்டது அதைத்தான்.

செப்டம்பர் 19

கைத்தொட்டிலை நஸ்ரின் கழற்றிவிட்டாள். கை பஞ்சு மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 5

இன்று வந்தார். ஜெயக்கொடி மகன் வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்ப தெருமுனைக்குப் போய்விட்டான். நான் நாற்காலியில் இருந்து எழுந்து, கக்கத்தில் கொடுக்கக் கையை நீட்டினேன். கை இடுப்புக்கு மேல் வரவில்லை. அதற்குள் அவர் நிலைப்படியைத் தாண்டிவிட்டார்.

என் எதிரே கட்டிலில் உட்கார்ந்தார். என் தோளைப் பார்த்தார். தழும்பு நைட்டிக்குள் இருக்கிறது, தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பெண் பார்க்கும் அன்று முதல் தடவை சந்திக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

“சாப்ட்டியா?” என்றார்.

இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவள் நான்தான். இத்தனை நாளும் நான்தான்.

“இல்ல” என்றேன்.

அவர் ஸ்டிக்கை ஊன்றி எழுந்தார். சமையலறைக்கு எங்கள் வீட்டில் ஒரு படி இறங்க வேண்டும். இருங்க, நான் எடுக்கிறேன் என்று வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டிக் சத்தம் படி வரைக்கும் போய் நின்றது. பிறகு கீழே இறங்கிய சத்தம். மூடி திறக்கும் சத்தம்.

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. தட்டாக இருக்கலாம்.

நான் எழவில்லை.